எது நல்ல பேட்டை?

சிங்கப்பூரில் தமிழர் இருவர் முதன்முறையாகச் சந்தித்துக்கொண்டால் பேச்சு மூன்று கேள்விகளில் அடங்கிவிடும். சொந்த ஊர் எது? என்ன வேலை? எங்கே இருக்கிறீர்கள்? முதல் இரண்டுக்கும் என்ன விடை கூறினாலும் கேட்பவர் முகம் மாறுவதில்லை. மூன்றாவது கேள்விக்கு ‘புக்கிட் பாத்தோக்’ என்று நான் கூறும்போது மட்டும் ஒரு சிறு மௌனம் விழும். பிறகு, “ஓ, கொஞ்சம் தூரம் இல்லையா?” என்பார்கள். எனக்கு என் பள்ளி பதினைந்து நிமிட நடை. சந்தை ஐந்து நிமிடம். ஆகவே அவர்கள் வேறு ஏதோ ஓரிடத்தை நடுவாக வைத்து அளக்கிறார்கள் என்று புரிந்துகொள்வேன்.

எங்கள் பள்ளி ஆசிரியர் அறையிலும் இவ்வாதம் அடிக்கடி எழும். பீஷானில் வாழும் கணித ஆசிரியர் தம் பேட்டையே தீவின் நடுப்புள்ளி என்பார். தெம்பனிஸில் வாழும் மலாய் ஆசிரியைக்கு அங்குள்ள மூன்று கடைத்தொகுதிகளைத் தாண்டி உலகமே இல்லை. (நாள்தோறும் ஒன்றேகால் மணி நேரம் பயணம் செய்து தீவின் மேற்கு மூலைக்கு வேலைக்கு வருகிறார் என்பது வேறு செய்தி.) பொங்கோலில் புது வீடு வாங்கிய இளையவர் கைப்பேசியில் நீர்க்கரையின் மாலைக் காட்சியைக் காட்டுவார். எந்தப் பேட்டை தகுதிக்கு மீறிப் புகழப்படுகிறது என்று கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவருடைய பேட்டையைச் சுட்டுவார்கள். நானும் ஒரு தமிழாசிரியர் என்ற முறையில் என் தரப்பை இங்கே பதிந்து வைக்கிறேன்.

இந்நாட்டு மக்களில் நான்கில் மூவருக்கு மேல் வீவக வீடுகளில் வாழ்கிறோம். கட்டுவது ஒரே கழகம். சமையலறை அளவும் சன்னல் அளவும் பெரும்பாலும் ஒன்றே. அப்படியிருந்தும் 2012ஆம் ஆண்டு குவீன்ஸ்டவுனில் ஒரு வீவக வீடு பத்து லட்சம் வெள்ளிக்கு விற்றபோது நாடே வாய் பிளந்தது. இன்று அவ்விலை செய்தியே இல்லை. சுவருக்கும் கூரைக்கும் அந்த விலை இல்லை, முகவரிக்குத்தான்.

முகவரியின் மாயத்திற்கு எங்கள் குன்றே நல்ல சான்று. புக்கிட் பாத்தோக் என்றால் மலாயில் இருமல் குன்று என்பது ஒரு விளக்கம். கருங்கல் உடைக்க வெடி வைத்தபோது எழுந்த ஓசைதான் இருமலாயிற்று என்பர். தென்னையோடு தொடர்புபடுத்துவோரும் உண்டு. கல் உடைத்த பள்ளத்தில் நீர் நிரம்பியதே இன்று ‘சின்ன குயிலின்’ என்று மணமக்கள் படம் எடுத்துக்கொள்ளும் ஏரி. அதே குன்றுத் தொடரின் மறுபக்கத்தில் ஹில்வியூ இருக்கிறது. ஒரு காலத்தில் அது ஆலைகள் நிறைந்த தொழிற்பேட்டை. ஆலைகள் போய்த் தனியார் அடுக்குமாடிகள் எழுந்தன. 2015 டிசம்பரில் ரயில் நிலையமும் வந்தது. நகரத் திட்ட வரைபடத்தில் ஹில்வியூ இன்றும் புக்கிட் பாத்தோக்கின் பகுதிதான். ஆனால் அங்கே வீடு விற்கும் முகவர் எவரும் அப்பெயரை வாயால் உச்சரிக்கக் கண்டதில்லை. ‘மேல் புக்கிட் தீமா’ என்பார்கள். குன்று ஒன்று, கல் ஒன்று, கொசுவும் ஒன்று. பெயர் மாறினால் விலை மாறிவிடுகிறது.

பழைய அஞ்சல் வட்டார எண்களின் கதை இன்னும் வேடிக்கையானது. 1995இல் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வந்த பிறகு அவற்றுக்குக் கடிதம் கொண்டு சேர்க்கும் வேலை இல்லை. ஆயினும் வீட்டு விளம்பரங்களில் 9, 10, 11 என்ற எண்கள் இன்றும் மந்திரம் போல் ஒலிக்கின்றன. அஞ்சல்காரருக்கே பயன்படாத எண்ணுக்கு நாம் விலை கொடுக்கிறோம்.

இனி என் பட்டியல். முதலில் தியோங் பாரு. பெயரின் பொருள் புதிய இடுகாடு. 1936 முதல் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்த அதன் வளைந்த மாடி வீடுகள் அழகானவை என்பதில் ஐயமில்லை. 2003இல் இருபது புளோக்குகளைப் பாதுகாக்க முடிவு செய்ததும் நல்ல செயலே. ஆனால் பிற்காலத்தில் அங்கே பெருகிய ரொட்டிக் கடைகளையும் காப்பிக் கடைகளையும் காட்டி, அங்கே வாழ்வது ஒரு பண்பாட்டுத் தகுதி என்று பேசுவது மிகை. ஒரு கோப்பைக் காப்பியின் விலையில் எங்கள் பேட்டையில் இருவர் மதிய உணவு உண்ணலாம். அடுத்தது ஹாலந்து வில்லேஜ். அதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. அங்கு சென்ற ஒவ்வொரு முறையும் எதற்காக வந்தோம் என்று யோசித்தே திரும்பியிருக்கிறேன்.

மூன்றாவதாக லிட்டில் இந்தியாவைச் சேர்த்தால் என்னோடு சண்டைக்கு வருவீர்கள். பொறுங்கள். வாழையிலைக்கும் முருங்கைக் கீரைக்கும் தேக்காச் சந்தையை விட்டால் எனக்கும் வேறு நாதியில்லை. சிராங்கூன் சாலையின் மல்லிகை மணமும், பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் புறப்படும் தைப்பூசக் காவடிகளும் என் பிள்ளைப் பருவத்தின் பகுதி. நான் மறுப்பது ஒன்றை மட்டுமே. தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினரும், சில வேளைகளில் நம் மாணவரும், ‘தமிழர் வாழும் இடம் லிட்டில் இந்தியா’ என்று எண்ணுகிறார்களே, அதை.

தேக்கா என்பதே ஹொக்கியன் சொல். மூங்கில் புதரின் அடி என்று பொருள். அவ்வட்டாரத்தின் மலாய்ப் பெயரான கண்டாங் கெர்பாவ் என்பது எருமைத் தொழுவம். கால்நடை வணிகம் இழுத்து வந்த மக்களால் வளர்ந்த இடம் அது. 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இன்று அங்கே வாங்குகிறோம், உண்கிறோம், வழிபடுகிறோம். படுத்து உறங்குவதற்கு உட்லண்ட்ஸுக்கும் ஈசூனுக்கும் ஜூரோங்கிற்கும் திரும்புகிறோம். இத்தீவில் தமிழ் மிக அடர்த்தியாக ஒலிக்கும் இடங்கள் எவை என்று என்னைக் கேட்டால் துவாஸ், சுங்கை காடுட், கிராஞ்சிப் பக்கத்துத் தொழிலாளர் தங்குவிடுதிகளைச் சொல்வேன். எந்தப் பேட்டைப் பட்டியலிலும் அவற்றுக்கு இடமில்லை.

முற்காலத்திலும் நம்மவர் வேலை எங்கே குடியமர்த்தியதோ அங்கேதான் வாழ்ந்தனர். துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பு, ரயில்வே குடியிருப்பு, செம்பவாங் கடற்படைத் தளம் என்று சிதறியிருந்தனர். ஆங்கிலேயப் படை 1971இல் வெளியேறியபோது செம்பவாங் குடும்பங்கள் பலவும் பெட்டி கட்டின. எங்கள் புளோக்கில் எனக்கு மூன்று மாடி மேலே இருக்கும் பாய் தஞ்சோங் பகாரில் பிறந்து வளர்ந்தவர். கடையநல்லூரிலிருந்து வந்தோர் மிகுந்திருந்த வட்டாரம் அது. அவர்கள் 1946இல் அங்கே தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி உயர்நிலை வரை வளர்ந்து, நாட்டின் கடைசித் தமிழ் உயர்நிலைப்பள்ளியாக 1982இல் மூடப்பட்டது. அப்பெயர் இன்று பீட்டி சாலையிலுள்ள தமிழ்மொழி நிலையத்தில் வாழ்கிறது. பாயின் சிறுவயதில் தஞ்சோங் பகாரில் பெண் கொடுக்கவே தயங்குவார்களாம். துறைமுகக் கூலிகளின் இடம் என்ற பெயர். அவ்வட்டாரத்தில் 2009இல் ஐம்பது மாடிகளோடு பினக்கல் டக்ஸ்டன் எழுந்தது. மறுவிற்பனையில் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டும் வீவக வீடுகளில் அதற்குத் தனியிடம் உண்டு. ஒருமுறை பேரனோடு அதன் உச்சிக்குச் சென்று கீழே பார்த்துவிட்டு வந்த பாய், தம் பழைய வீடு இருந்த திசை மட்டும் தெரிந்தது என்றார்.

அதே பாய் சென்ற ஆண்டு தம் ஐந்தறை வீட்டை விற்றுவிட்டு மகளுக்கு அருகில் சிறிய வீட்டுக்கு மாற விரும்பினார். இங்கே இன ஒருங்கிணைப்புக் கொள்கையைச் சற்று விளக்க வேண்டும். 1989இல் வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் அக்கம்பக்கத்திலும் இன்ன இனத்தார் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. சீனருக்குப் புளோக்கில் 87, அக்கம்பக்கத்தில் 84. இந்தியரும் பிறரும் சேர்ந்து முறையே 15, 12. 2010க்கு முன் இது இன்னும் குறைவு. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஓர் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது; ஏனெனில் அவ்விற்பனை வரம்பை மீறச் செய்யும். வாங்குவோரில் பெரும்பான்மையினர் அவர்களே. எனவே பாயின் வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போன இரண்டு குடும்பங்கள் தொடர முடியவில்லை. மறுபுறம், இந்தியர் வரம்பு நிரம்பிய இடத்தில் வீடு தேடும் தமிழர் இந்தியரிடமோ ‘பிறர்’ பிரிவினரிடமோ மட்டுமே வாங்கலாம். விலை பேசும் வலு அங்கே விற்பவரிடம். பத்தாண்டுகள் அவ்வீட்டை வைத்திருந்தும் விற்க இயலாதோர், கழகமே வாங்கிக்கொள்ளுமாறு மேல்முறையீடு செய்ய 2022 முதல் வழி உண்டு. பாய் அதுவரை போகவில்லை. எட்டு மாதம் காத்திருந்து, எதிர்பார்த்ததிலும் குறைந்த விலைக்கு ஒரு குஜராத்திக் குடும்பத்துக்கு விற்றார்.

இக்கொள்கையை நான் வெறுக்கிறேன் என்று எண்ண வேண்டாம். அது இல்லாதிருந்தால் நாம் நான்கு பேட்டைகளில் குவிந்திருப்போம். இன்று ஏறத்தாழ எல்லா நகர்களிலும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அதனால் தமிழ் வகுப்பும் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடே. அத்தனை சிறிய கூட்டம் ஓரிடத்தில் அடைந்து கிடப்பதா, மெல்லப் பரவி இருப்பதா என்று கேட்டால் நான் இரண்டாவதையே தேர்வேன். ஆனால் ‘எந்தப் பேட்டையில் வீடு நல்ல விலை போகும்’ என்று பட்டியலிடுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஒரே புளோக்கில், ஒரே மாடியில், ஒரே அளவுள்ள இரு வீடுகளுக்கு இருவேறு சந்தைகள் இருக்கலாம். அப்பட்டியல் யாருக்காக எழுதப்பட்டது என்று பார்த்துப் படிக்க வேண்டும்.

இப்போது அரசே பேட்டைகளுக்குத் தரம் இட்டுவிட்டது. 2024 அக்டோபர் முதல் புதிய வீவக வீடுகள் ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என்று மூவகை. பின்னிரண்டுக்கும் கூடுதல் மானியம் உண்டு. மாறாகப் பத்தாண்டுகள் குடியிருந்த பிறகே விற்கலாம், விற்கும்போது ஒரு பங்கைத் திருப்பித் தரவும் வேண்டும். ஸ்டாண்டர்டுக்கு ஐந்தாண்டுகளே. இலாபத்திற்காக நல்ல இடங்களைப் பறித்துக்கொண்டு ஓடுவதைத் தடுக்கும் ஏற்பாடு, எனக்கு உடன்பாடானது. முதல் சுற்றிலேயே எங்கள் புக்கிட் பாத்தோக்கிற்குக் கிடைத்தது ஸ்டாண்டர்ட். முன்னேற்ற அறிக்கையில் நாங்கள் ‘திருப்திகரம்’ என்று எழுதும் பிள்ளைகளின் பெற்றோர் நிலை அன்று எனக்கு விளங்கியது.

புக்கிட் பாத்தோக்கின் குறைகளை நான் மறைக்கவில்லை. மேடும் பள்ளமுமான நிலம்; முட்டி வலியுள்ள முதியவருக்கு ஒவ்வாதது. போர்க்காலத்தில் ஜப்பானியர், போர்க்கைதிகளைக் கொண்டு இங்கே ஒரு குன்றின் மேல் நினைவுச்சின்னம் எழுப்பினர். சின்னம் அழிந்து, ஏறிச் செல்லும் 120 படிகள் மட்டும் எஞ்சியுள்ளன. உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. அப்படிகளை ஏறியோருக்கு எங்கள் பேட்டையின் இயல்பு கால்வழியே விளங்கும். 1990 முதல் ரயில் இருந்தும், தேக்காவுக்கு நேரடியாகச் செல்லப் பல்லாண்டு ஆயிற்று. இப்போது பேருந்தில் பியூட்டி வேர்ல்டோ ஹில்வியூவோ போய் டவுன்டவுன் தடத்தில் ஏறினால் மாறாமல் போய்விடலாம்.

என் பட்டியலின் தலைப்பில் வைக்க வேண்டியதைக் கடைசிக்கு ஒதுக்கினேன். புக்கிட் தீமாவும் அதைச் சுற்றிய பள்ளிக்கூட வட்டங்களும்தான் அது. மரங்களும் காற்றும் நன்றாகவே இருக்கின்றன. அவற்றில் எனக்குக் குறையில்லை. தொடக்கநிலை ஒன்றுக்குப் பதியும்போது பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்போருக்கு முன்னுரிமை என்ற விதியால் அங்கே வாடகையும் விலையும் ஏறி நிற்பதே என் வழக்கு. அதில் நம்மவர் விழுவதை நேரில் காண்கிறேன்.

இவ்வாண்டு தொடக்கத்தில் என் மாணவன் ஒருவனின் தாயார் பள்ளி முடிந்து வந்து சந்தித்தார். கோயம்புத்தூர்க் குடும்பம், நிரந்தரவாசிகள், தந்தை மென்பொருள் துறையில் பணியாற்றுகிறார். மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகனுக்குத் தமிழ் நன்றாக வரும். நான்கு வயது மகளுக்காக, புக்கிட் தீமா பக்கம் மாதம் ஏறத்தாழ இருமடங்கு வாடகையில் வீடு பார்த்துவிட்டார்கள். “முன்பணம் கொடுப்பதற்குள் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தேன், டீச்சர்” என்றார். கையில் ‘சிறந்த பள்ளிகள்’ என்று எங்கிருந்தோ அச்சிட்டு வந்த பட்டியல்.

நான் முதலில் அப்பட்டியலில் சிலவற்றின் மேல் கோடிட்டேன். சீன மொழியையும் பண்பாட்டையும் பேணுவதற்காக 1979இல் தொடங்கிய சிறப்பு உதவித் திட்டத்தில் அவை உள்ளன. நன்யாங் தொடக்கப்பள்ளி, பெய் ஹுவா பிரெஸ்பிடேரியன் தொடக்கப்பள்ளி போன்றவை. அவற்றில் தாய்மொழிப் பாடம் சீனம் மட்டுமே. அப்பள்ளிகள் தம் பணியைச் சிறப்பாகச் செய்கின்றன. நம் பிள்ளைக்காக அமைந்தவை அல்ல. அதற்குள் ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்கு வாடகை கொடுப்பது, கல்யாணப் பந்திக்கு அருகே வீடெடுத்துவிட்டு அழைப்பிதழுக்குக் காத்திருப்பது போன்றது. எஞ்சிய பள்ளிகளிலும் தமிழ் வகுப்பு இருக்கிறதா, பிள்ளைகள் தமிழுக்காக வேறிடம் போக வேண்டுமா என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டறிய வேண்டும் என்றேன்.

இரண்டாவதாக, இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகும்போது குடிமக்களுக்கே முதலிடம். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் வாழும் குடிமகனின் பிள்ளைக்குப் பிறகுதான் ஒரு கிலோமீட்டருக்குள் வாழும் நிரந்தரவாசியின் பிள்ளைக்கு முறை வரும். பெயர்பெற்ற பள்ளிகளில் குடிமக்களுக்கிடையிலேயே குலுக்கல் நடக்கிறது. முறை எங்கே வரும்? மேலும், வட்டத்தைக் காட்டி இடம் பெற்றால் பதிவு தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 30 மாதம் அதே முகவரியில் குடியிருக்க வேண்டும். இருமடங்கு வாடகையை 30 மாதத்தால் பெருக்கிப் பாருங்கள் என்றேன். அவர் அங்கேயே கைப்பேசியில் பெருக்கினார்.

மூன்றாவதை நான் சொல்லும்வரை அவர் எண்ணியே பார்க்கவில்லை. அண்ணன் படிக்கும் பள்ளியில் தங்கைக்கு முதல் கட்டப் பதிவிலேயே இடம் உறுதி. அதாவது பத்து நிமிட நடையில், தமிழ் வகுப்போடு, குலுக்கல் இன்றி ஒரு பள்ளி அவர் மகளுக்காகக் காத்திருக்கிறது. அது பட்டியலில் இல்லை என்பது ஒன்றே குறை.

“ஊரில் கேட்பார்கள், டீச்சர். பிள்ளை எந்தப் பள்ளி என்று கேட்பார்கள்” என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. கோயம்புத்தூரிலும் எந்தப் பேட்டை, எந்தப் பள்ளி என்று இதே போன்ற வரைபடம் ஒன்று இருக்கத்தானே செய்யும்.

முன்பணம் அவர்கள் கொடுக்கவில்லை என்று மகன் வழியாகத் தெரிந்துகொண்டேன். ஆனால் எண்ணத்தை முழுமையாகக் கைவிட்டதாகவும் தெரியவில்லை. சென்ற வாரம் அவன் எழுதிய ‘என் வீடு’ கட்டுரையில், எங்கள் வீட்டு சன்னலில் இருந்து குன்று தெரியும், ஆனால் நாங்கள் வேறு வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு வரி இருந்தது. இப்போது இருக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது.